உணவுக்குழாய்ப் புற்றுநோய்: கதிர்வீச்சும் அறுவையும்

உணவுக்குழாய்ச் சுவரைத் தாண்டிய கட்டியை முதலில் கதிர்வீச்சால் சுருக்கி, பிறகு அறுத்தெடுப்பது கூட்டுச் சிகிச்சை. விழுங்க முடியாமல் மெலிந்த பிறகே பலருக்கு இந்நோய் தெரியவருகிறது. குடலுக்கு இருப்பதுபோல் இந்தக் குழாய்க்கு வெளியுறை கிடையாது. அதனால் நோய் தெரியவரும் முன்பே அது அக்கம்பக்கத் திசுக்களிலும் இறங்கிவிடுகிறது.

முதலில் வந்தது கத்திதான். 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக், 67 வயதுப் பெண்ணின் நெஞ்சைத் திறந்து கட்டியை அகற்றினார். கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை. இரண்டையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் இணைத்தது. அதன் வழியாகவே உணவு உட்கொண்டு அவர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1946-இல் ஐவர் லூயிஸ், இரைப்பையை நெஞ்சுக்குள் மேலிழுத்து இணைக்கும் முறையை விவரித்தார். ஆனாலும் வெட்டிய விளிம்பில் தங்கிய செல்கள் பலருக்கு மறுபடி கட்டியாக வளர்ந்தன.

அந்த விளிம்பைச் சுத்தமாக்கத்தான் கதிர்வீச்சு அறுவைக்கு முன்னே வந்தது. 1960களில் ஜப்பானிய அறுவை மருத்துவர் கோமெய் நகயாமா இதை வலியுறுத்தினார். பின்னர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வுகளிலோ, கதிர்வீச்சை மட்டும் சேர்ப்பதால் ஆயுள் கூடுவதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

திருப்பம் மருந்தால் வந்தது. அறுவையில்லாத சிகிச்சையை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, புற்றுச் செல்களை அழிக்கும் கீமோ மருந்துகள் சேர்ந்தால் கதிர்வீச்சின் பலன் கூடுகிறது என்று 1992-இல் காட்டியது. அதே இணையை அறுவைக்கு முன் வைத்துச் சோதித்த நெதர்லாந்தின் ‘கிராஸ்’ ஆய்வு 2012-இல் வெளியானது. ஐந்து வாரங்களில் 23 தவணையாக 41.4 கிரே கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் ஆகிய கீமோ மருந்துகள், அதன்பின் அறுவை. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட, இடைநிலை ஆயுள் 24 மாதத்திலிருந்து 49 மாதமானது. விளிம்பில் நோயின்றி முழுதும் அகற்றப்பட்டவர்கள் 69 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாயினர்.

முன்சிகிச்சை பெற்று அறுவை செய்துகொண்டவர்களில் 29 சதவீதத்தினரின் திசுவில், நுண்ணோக்கியில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூடத் தென்படவில்லை. இவர்களுக்கு அறுவை தேவைதானா? 2025-இல் வெளியான ‘சானோ’ ஆய்வில், முன்சிகிச்சைக்குப் பின் நோயின் தடயம் மறைந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்து, நோய் திரும்பினால் மட்டும் அறுத்தார்கள். இரண்டாண்டு உயிர்வாழ்வில் அவர்கள், உடனே அறுவை செய்துகொண்டவர்களைவிடப் பின்தங்கவில்லை.

சுரப்பிச் செல் வகைப் புற்றில் நிலைமை மாறிவருகிறது. ஜெர்மனியின் ‘ஈசோபெக்’ ஆய்வில், அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துக் கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 66 மாதம். கிராஸ் முறையில் 37 மாதம். இன்னொரு வகையான செதில் செல் புற்றில், பல நாடுகளில் கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்த முன்சிகிச்சையே இன்றும் கொடுக்கப்படுகிறது.