பழைய புகையிரதப் படங்களும் அவற்றின் இடங்களும்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். இம்மொழி வழக்குத் தீர்ப்போர்க்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு அலுமாரிகளிற் கிடந்து மங்கும் பழைய படங்களுக்கும் உரியது என்பதை அண்மையில் ஓர் அனுபவத்தால் உணர்ந்தேன். அதனைக் கூறி, அதன்வழி அறிந்த சிலவற்றை நம் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நண்பர் ஒருவர் தம் தந்தையாரின் படமொன்றை என்னிடம் கொணர்ந்தார். வீடும் வளவும் விட்டுப் பலமுறை இடம்பெயர்ந்த காலத்தும் உறுதிக் கடதாசிகளோடு சேர்த்துக் காப்பாற்றப்பட்ட படம் அது. கடலினுள் நீண்டு செல்லும் ஒரு துறை. அதன் அருகே கப்பல். துறையின் மேலே புகையிரதப் பெட்டிகள். முன்னே வேட்டியும் நீண்ட கோட்டும் அணிந்து நிற்கும் இளைஞர். படத்தின் பின்புறத்தில், பிற்காலத்துக் கையெழுத்தில், ‘தலைமன்னார்’ என்று எழுதப்பட்டிருந்தது. நண்பரின் மாமியாருக்கு, அதாவது படத்தில் நிற்பவரின் தங்கையாருக்கு, வயது எண்பத்தைந்துக்கு மேல். அவரிடம் வினவியபோது, “அது தலைமன்னார்தான் தம்பி. அண்ணை சிதம்பரத்துக்குப் போகேக்கை எடுத்தது. எனக்குத் தெரியாதே?” என்றார்.

ஆயினும் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கியபோது ஒன்று இடறிற்று. துறையின் மேலே சுமைகாரர் ஒருவர் தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை அவருடைய உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அவ்வகலம் அவர் பாதத்திலிருந்து இடைக்குச் சற்று மேலே வரை மட்டுமே வந்தது. இலங்கையின் பெரும்பாதைகள் 5 அடி 6 அங்குல அகலமுடையவை. அஃதாவது ஏறக்குறைய ஓர் ஆளின் முழு உயரம். தலைமன்னார்ப் பாதையும் அவ்வகலமே. கடலுக்கு அப்பால், தனுஷ்கோடிக்கு வந்த தென்னிந்திய இரயில்வேயின் பாதையோ ஒரு மீற்றர், அதாவது 3 அடி 3 அங்குலத்துக்குச் சிறிது மேற்பட்ட அகலமே உடையது. எனவே, படத்திலுள்ள துறை தலைமன்னார் அன்று, அது தனுஷ்கோடி.

இதனை அம்மூதாட்டிக்கு விளக்கினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்து, “அப்ப இது அண்ணை அக்கரை போய்ச் சேர்ந்தாப் பிறகு எடுத்தது” என்றார். இத்தனை காலமும் பிரிவின் படமென்று அவர் போற்றி வந்தது, சென்றடைந்ததன் படமாயிற்று. 1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டபின், நம் மக்கள் ஏறக்குறைய 20 மைல் கடலைக் கப்பலிற் கடந்து இவ்வழியே தமிழகம் சென்று வந்தனர். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஆதலால் அப்படம் ஒரு குடும்பத்தின் உடைமை மட்டுமன்று; இன்று எவரும் புகையிரதத்திற் சென்று இறங்க முடியாத ஓரிடத்தின் சாட்சியுமாகும். ‘தலைமன்னார்’ என்னும் ஒரு சொல் அச்சாட்சியின் வாயை அத்தனை ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தது.

இனி, இத்தகைய படங்களை ஆராயும் முறையைச் சிறிது நோக்குவோம்.

முதலாவதாக, படம் நேராக அச்சிடப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும். பழைய கண்ணாடித் தகடுகளைப் புறம் மாற்றி வைத்து அச்சிட்டால், இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். படத்தில் எழுத்துக்கள் இருப்பின் பிழை உடனே புலப்படும். எழுத்தில்லாதவிடத்து மாந்தரை நோக்குக. ஆடவர் சட்டைப்பை இடப்புறத்தேயும், நம் பெண்டிரின் சேலைத் தலைப்பு இடத்தோளிலும் இருத்தல் வழக்கம். அனைவரிடத்தும் இவை மாறிக் காணப்படின், மாறியது வழக்கமன்று, படமே எனக் கொள்க.

இரண்டாவதாக, பாதையின் அகலம். மேலே கூறிய துறைப்படத்தில் வழி காட்டியது அதுவே. நம் நாட்டினுள்ளும் அது பயன்படும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற பாதையும், களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் 2 அடி 6 அங்குல அகலமே உடையனவாய் அமைக்கப்பட்டன. முன்னையது 1940களில் மூடப்பட்டது. பின்னையது 1990களில் பெரும்பாதையாக மாற்றப்பட்டது. சிறு பாதையும் தேயிலைச் சரிவும் குளிருக்குப் போர்த்த மக்களும் ஒரு படத்திற் சேர்ந்து காணப்படின், அது நுவரெலியாப் பகுதி என நினைக்க இடமுண்டு. சிறு பாதையோடு இறப்பர் மரங்களும் தாழ்நில வயல்களும் காணப்படின் களனிப் பள்ளத்தாக்கை எண்ணுக.

மூன்றாவதாக, காலத்தின் எல்லை. இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. 1867 இல் கண்டியை அடைந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1902 ஆம் ஆண்டிலேயே பாதை திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை நேரே வண்டி ஓடத் தொடங்கியது 1905 இல். ஆகவே, 1890 என்று குறிக்கப்பட்ட யாழ்ப்பாணப் புகையிரதப் படம் ஒன்று கிடைப்பின் ஆண்டோ இடமோ பிழையென்பது திண்ணம். கொழும்புக் கோட்டை நிலையத்தின் இன்றைய கட்டிடம் 1917 இல் திறக்கப்பட்டது. அதனை அதற்கு முந்திய படத்திற் காண முடியாது. கனடாவிலிருந்து வந்து, ஒன்ராறியோ, அல்பேட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயரைத் தாங்கிய டீசல் இயந்திரங்கள் 1954 முதலே இங்கு ஓடின. அவற்றுள் ஒன்று நிற்கும் படம் அதற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. கோயிற் கோபுரம் ஒன்று பின்னணியிற் தெரியின் அதுவும் நற்சான்று. திருப்பணி முடிந்த ஆண்டைக் கும்பாபிஷேக மலர் கூறும். படம் அதற்கு முந்தியதா பிந்தியதா என்பது அதனால் துணியப்படும்.

நான்காவதாக, வெயிலும் நிழலும். யாழ்ப்பாணத்திலிருந்து கோண்டாவில், சுன்னாகம் வழியாகக் காங்கேசன்துறை செல்லும் பாதை வடக்கு நோக்கியது. நாவற்குழி வழியாகச் சாவகச்சேரி செல்லும் பாதை கிழக்கு நோக்கியது. காலையிலும் மாலையிலும் நீண்ட நிழல் விழுமன்றோ? அந்நிழல் தண்டவாளத்துக்குக் குறுக்கே விழுந்தால் வடக்கு நோக்கிய பாதையையும், தண்டவாளத்தோடு ஒட்டி நீளமாக விழுந்தால் கிழக்கு நோக்கிய பாதையையும் முதலில் எண்ணிப் பார்க்கலாம். நண்பகல் நிழலை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். மேல்நாட்டு நூல்கள் நண்பகல் நிழல் என்றும் வடக்கே விழும் என்று கூறும். அது அவர்கள் நாட்டுக்குச் சரி. யாழ்ப்பாணத்திலோ ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், நிழல் தெற்கே சாயும்.

ஐந்தாவதாக, வான்வரம்பு. மலைநாட்டுப் படங்களுக்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய படப்பிடிப்பு நிலையத்தார் கடுகண்ணாவை ஏற்றத்தின் காட்சிகளைப் படமெடுத்துப் பயணிகளுக்கு விற்றனர். ஒருபுறம் செங்குத்தான பாறையும் மறுபுறம் பாதாளமும் இருக்க, நடுவே மலைவிளிம்பிற் செல்லும் வண்டி அவற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும். அவ்விடத்தை அறிய நூலைத் தேட வேண்டுவதில்லை. கண்டி வண்டியில் இறம்புக்கணை தாண்டியதும் யன்னலோரத்தில் அமர்ந்து, படத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, அலகல்லை மலையின் உருவமும் படத்திலுள்ள உருவமும் ஒன்றும் வரை காத்திருந்தாற் போதும். மரம் வளர்ந்திருக்கும், கட்டிடம் மாறியிருக்கும், மலை மாறாது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே 1921 இல் அமைந்த ஒன்பது வளைவுப் பாலத்தை அறிவதற்கு வளைவுகளை எண்ணினாலே போதும்.

ஆனால், இளைஞர்காள், நம் வடபுலத்தை எண்ணிப் பாருங்கள். இங்கே மலை ஏது? பளையில் எடுத்த படத்திலும் பனை, மிருசுவிலில் எடுத்த படத்திலும் பனை, கொடிகாமத்திலும் பனை. ஆனையிறவின் நீர்ப்பரப்பும் உப்பளமும் போன்ற சில தனிக்காட்சிகள் நீங்க, ஏனைய இடமெல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கட்டிடங்களை ஒப்பிட்டு நோக்கலாம் எனின், அதற்கும் வழி குறைந்துவிட்டது. 1956 ஏப்ரல் 23 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூன் மாதத்தோடு யாழ்ப்பாணம் வருவது நின்றது. போர்க்காலத்திற் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் காவலரண்களுக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டன, நிலையங்கள் இடிந்தன. போர் முடிந்தபின் பாதை புதிதாக இடப்பட்டு, 2014 ஒக்டோபர் 13 இல் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரை சென்றது. அன்று நம் பெரியோர் கண்ணீர் மல்க நின்ற காட்சியை மறக்க முடியாது. ஆயினும், வந்தது புதிய பாதை. நிற்பவை பெரும்பாலும் புதிய கட்டிடங்கள். பழைய படத்தைக் கையில் ஏந்தி அங்கே சென்றால், ஒப்பிட்டு நோக்கப் பழைய சுவரைக் காண்பதரிது.

அங்ஙனமாயின் வடபுலத்தின் படங்களுக்குச் சான்று யாது? மலை இல்லாத நாட்டில் முதியோரே மலை. பாடசாலைக்குப் ‘பருவகாலச் சீட்டு’ எடுத்துக் கோச்சியிற் சென்றவர், நிலையத்துக்கு அருகே கடை வைத்திருந்தவர், கடவைப் படலையைத் திறந்து மூடியவர், கைகாட்டி மரம் சாய்வதைப் பார்த்து வண்டிக்கு ஓடியவர் ஆகிய இவர்களின் நெஞ்சிலேதான் அந்நிலையங்கள் இன்னும் இடியாமல் நிற்கின்றன. எந்த நிலையத்திற் கிணறு எப்புறம் இருந்தது, எங்கே வேப்பமரம் நின்றது, எந்த மேடை குட்டையானது என்பன எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் சொன்னாலன்றி நாம் அறியோம். யாழ்தேவி முதன்முதல் ஓடிய நாளிற் பத்து வயதுப் பிள்ளையாயிருந்தவர் இன்று எண்பதை எட்டிவிட்டார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதியோர் கூற்றையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாமோ எனின், ஆகாது. முன்னர்க் கூறிய மூதாட்டியார் பொய் சொன்னாரல்லர், அன்பினாற் பிழைபட்டார். நினைவு தனக்கு வேண்டிய இடத்திற் படத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆதலின் படத்திலுள்ள சான்று நினைவைத் திருத்துதல் வேண்டும். நினைவு படத்துக்குப் பொருள் கொடுத்தல் வேண்டும். தண்டவாளத்தின் அகலம் தனுஷ்கோடி என்று கூறிற்று. அங்கே ஏன் அவ்விளைஞர் நின்றார் என்பதைக் கூறியது அம்மூதாட்டியாரின் வாய். இரண்டும் கூடியபோதே அது வரலாறாயிற்று.

நம் சங்கத்து இளைஞர் செய்யத்தக்க தொண்டு ஒன்று இங்கே உண்டு. பெரும்பொருள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மாலைகள் சில போதும். உங்கள் வீட்டிலும் அயலிலும் உள்ள பழைய புகையிரதப் படங்களைக் கைத்தொலைபேசியிற் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்படம் உரியவரிடமே இருக்கட்டும். அப்பிரதியைப் பெரிதாக்கி முதியோரிடம் காட்டுங்கள். ‘இது கொடிகாமந்தானே?’ என்று கேளாதீர்கள். அவ்வாறு கேட்டால் ஆம் என்றே விடை வரும். ‘இது எவ்விடம், ஐயா? எதைக்கொண்டு சொல்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ஒருவரோடு நிறுத்தாது இருவரைத் தனித்தனியே வினவுங்கள். பின்பு இடம், காலம், கூறியவர் பெயர், கேட்ட நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உறுதியாயின் உறுதி என்றும், ஊகமாயின் ஊகம் என்றும் வேறாகக் குறித்தல் இன்றியமையாதது. படத்தின் பின்னே எழுதுவதாயின் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘இதெல்லாம் இப்ப என்னத்துக்கு?’ என்று படப்பெட்டியை மூடிவிடாதீர்கள். பிள்ளைகள் கேட்க வரும்போது கண்ணாடியை எடுத்து அணிந்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்துச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் வரலாற்றுக்குச் செய்யும் உதவியே.

நண்பர் அப்படத்தின் பின்னே இருந்த பழைய எழுத்தை அழிக்கவில்லை. ‘தலைமன்னார்’ என்பதை அவ்வாறே விட்டு, அதன் கீழே ‘தனுஷ்கோடித் துறை, பாதையின் அகலத்தால் அறியப்பட்டது’ என்று பென்சிலால் எழுதினார். அதற்கும் கீழே, தங்கையார் சொற்படி, ‘சிதம்பரம் செல்லும் வழியில்’ என்று எழுதினார். எழுதிய வரி மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று மூதாட்டியார் ஒருமுறை வாசிப்பித்துக் கேட்ட பின்பே படத்தை மீண்டும் உறுதிக் கடதாசிகளோடு வைத்தார்.