ஃபிரிட்ஜில் தூங்கும் ஆமை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம்மூர்ப் பழமொழி. இங்கிலாந்திலோ ஆமை வளர்ப்பவர்கள் பலர் குளிர்காலத்தில் அதை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள்! கேலி இல்லை நண்பர்களே. முறையாகச் செய்தால் அது ஆமையின் உயிரைக் காக்கும் வழி. இந்த வழக்கம் எப்படி வந்தது, நம்மூர் ஆமைக்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் சோளிங்கரில் மோதியது 1781 செப்டம்பரில். அதற்கு முந்தைய ஆண்டு, இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் ஒரு காரியம் செய்தார். இறந்துபோன தன் அத்தை வளர்த்த ஆமையை, அது தூங்கிக்கொண்டிருந்த மண்ணிலிருந்து தோண்டியெடுத்துத் தன் ஊரான செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். பெயர் திமோத்தி. அது நவம்பர் வாக்கில் மண்ணுக்குள் போவதையும் ஏப்ரல் வாக்கில் வெளியே வருவதையும் வருடக்கணக்கில் குறித்துவைத்தார். 1794இல் இறந்த திமோத்தியின் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர்தான் ஆண் பெயர். அது பெண் என்று பிறகுதான் தெரிந்தது!

திமோத்தி மத்தியதரைக்கடல் பகுதி ஆமை. அங்கே குளிர்காலத்தில் இரை குறைவு. ஆமைக்கோ உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அதனால் இதயத்துடிப்பைக் குறைத்துக்கொண்டு, சேர்த்துவைத்த சக்தியில் தூங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இது பெரிய வியாபாரமானது. மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான ஆமைகள் பிரிட்டனுக்குக் கப்பலேறின. வாங்கியவர்கள் வைக்கோல் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தார்கள். முதல் குளிர்காலத்தைத் தாண்டாதவை ஏராளம். 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இந்த இறக்குமதியைத் தடை செய்தது. இனி புதிது வராது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

பரணில் என்ன சிக்கல்? வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போனால் கண் பார்வை போகலாம், உயிரும் போகலாம். 10 டிகிரிக்கு மேலே போனால் விழித்துக்கொண்டு, சாப்பிடாமலேயே சேமிப்பைக் கரைக்கும். சுமார் 5 டிகிரியிலேயே நிலையாக வைத்திருக்கும் பெட்டி எது? ஃபிரிட்ஜ்!

ஆனால் அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட முடியாது. சில வாரங்கள் முன்பே தீனியை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் உட்காரவைத்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். உள்ளே தனியாக வெப்பமானி வேண்டும். காற்றுக்காகக் கதவை அடிக்கடி திறந்து மூட வேண்டும். வாராவாரம் எடை பார்க்க வேண்டும். எடை வேகமாகக் குறைந்தாலோ, சிறுநீர் கழித்துவிட்டாலோ எழுப்பிவிட வேண்டும். நோயுள்ள ஆமையைத் தூங்கவைக்கவே கூடாது.

சரி, நம்மூர் நட்சத்திர ஆமை? அது தமிழ்நாடு, ஆந்திரா போன்ற இடங்களின் வறண்ட புதர்க்காட்டில் வாழ்வது. மழைக்காலத்தில்தான் அதற்குக் கொண்டாட்டம். கொளுத்தும் வெயிலில் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். சோளிங்கர் பக்கம் மார்கழிக் குளிரிலும் 5 டிகிரி வருவதில்லை. குளிர்கால உறக்கம் அதன் உடம்புக்கே பழக்கமில்லாதது. ஃபிரிட்ஜில் வைத்தால் தூங்காது, செத்துப்போகும்.

தேவை இருந்தால் அளிப்பு வரும் என்று வணிகவியல் பாடத்தில் படிக்கிறோம். மொராக்கோ ஆமைக்கு நடந்ததே இதற்கும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். 2019இல் சர்வதேச வணிகத்துக்கும் மிகக் கடுமையான தடை வந்தது. இருந்தும் சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் அடைத்துக் கடத்தும்போது பிடிபட்டவை பல. அழகுக்காக வாங்குகிறவருக்கு அதன் ஊர் வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது.

ஆமை புகுந்த வீடு உருப்படுமோ என்னவோ, வீடு புகுந்த நட்சத்திர ஆமை உருப்படுவது கஷ்டம்தான்.