குடியிருப்பு மனையும் கூலி உழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

திட்டக்குடி வட்டாரத்துச் சேரிகளில் வயது முதிர்ந்தோரை அணுகி, ‘இந்த வீடு யாருடையது?’ என்று வினவினால், ‘வீடு எங்களுடையது, மனைதான் அவர்களுடையதாக இருந்தது’ என்னும் விடை வருவதுண்டு. வெள்ளாற்றங்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இவ்விடை புதிதன்று. எனினும், வீடு ஒருவருக்கும் மனை மற்றொருவருக்கும் உரியதாய் இருந்த நிலை நம் மக்களை எவ்வாறு கட்டிப்போட்டது, அக்கட்டு எப்போது, எவ்வாறு தளர்ந்தது என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் அவ்வரலாற்றைச் சிறிது எழுதி வைக்க விரும்புகின்றோம்.

நிலக்கிழார் தம் பட்டா நிலத்தின் ஓரத்தில், பெரும்பாலும் மழைநீர் தேங்கும் பள்ளத்தில், குடிசை போட்டுக்கொள்ள இடம் காட்டுவார். மண் குழைப்பதும், கழி வெட்டுவதும், ஓலை முடைந்து கூரை வேய்வதும் குடியேறுபவன் வேலை. மனைக்கு வாடகை கேட்பதில்லை. ‘சும்மா இருக்க இடம் கொடுத்தோம்’ என்று நிலக்கிழார் வீட்டில் பெருமையாகவும் பேசிக்கொள்வர். உண்மையில் அம்மனைக்கு ஈடாகக் குடும்பம் முழுவதும் உழைத்தது. கணவன் ஏர் ஓட்டினான், மனைவி நாற்று நட்டாள், பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை மாடு மேய்த்தான். வேறொருவர் களத்தில் கூலி கூடுதல் என்று சென்றாலோ, அளக்கும் நெல் போதாதென்று வாய் திறந்தாலோ, ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்ற சொல் வந்து விழும். கொடுமையின் நுட்பம் ஒன்று இதில் உண்டு. வாடகை இல்லையாதலால் இரசீது இல்லை. இரசீது இல்லையாதலால் நீதிமன்றத்தில் அவன் குத்தகைதாரனும் அல்லன், வாடகைதாரனும் அல்லன். சும்மா கிடைத்த மனைதான் நம் முன்னோர் கொடுத்த வாடகைகளிலெல்லாம் மிகப் பெரியது என்று நாம் கருதுகின்றோம்.

இதனை அரசின் காதுக்கு எட்டச் செய்தவருள் ஒருவர் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரெமென்கீர். 1891-ஆம் ஆண்டு அவர் எழுதிய அறிக்கை, அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலையை விரித்துரைத்தது. குடியிருக்கும் மனைகூடத் தமக்கு உரிமை இல்லாதிருப்பதால் அம்மக்கள் மிராசுதாரர்களுக்கு அடங்கிக் கிடக்க நேர்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த ஆணைதான், இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் நில ஒப்படைப்புக்கு அடிப்படை. அந்நிலங்கள் பின்னர் எவர் கைக்குச் சென்றன என்பது தனியே எழுத வேண்டிய கதை. மனை வகையிலோ, கிடைத்தது மிகச் சொற்பம். 1920-க்குப் பின் தொழிலாளர் நலத்துறை சில ஊர்களில் நிலம் வாங்கி மனை பிரித்துக் கொடுத்தது. ஏனைய ஊர்களில் பழைய நிலைமையே நீடித்தது.

சென்னை நகரத்தை இங்கே ஒப்பு நோக்குவது தகும். பிறர் மனையை வாடகைக்கு எடுத்துத் தம் செலவில் கட்டடம் எழுப்பியோரை வெறுங்கையோடு வெளியேற்றலாகாது என்று, 1922-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டமாக நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளியேற்ற வேண்டின் கட்டடத்துக்கு இழப்பீடு தரவேண்டும். அன்றி, அம்மனையையே விலைக்குப் பெற நீதிமன்றத்தை நாடும் வழியும் அச்சட்டத்தில் உண்டு. கட்டியவனுக்கு மண்ணின்மேல் ஒரு பாத்தியதை உண்டு என்னும் நீதியைச் சட்டம் அன்றே அறிந்திருந்தது. அதே நீதி சேரிக் குடிசைக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. ஓட்டு வீட்டுக்குத் தெரிந்த சட்டம் ஓலை வீட்டைக் காணவில்லை போலும்!

தஞ்சை மாவட்டத்தில் 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலியோர் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினர். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக எழுந்த அவ்வியக்கத்தின் விளைவாக, 1952-இல் இராஜாஜி அமைச்சரவை தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அச்சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு மட்டுமே உரியது. கொள்ளிடத்துக்குத் தெற்கே ஒரு பண்ணையாளை நினைத்தபோது நீக்குவது குற்றமாயிருக்க, வடக்கே தென்னார்க்காட்டில் அதைக் கேட்பாரில்லை. ஆற்றின் ஒரு கரைக்குச் சட்டம், மறு கரைக்கு வழக்கம் என்றிருந்த காலம் அது.

நம் மாவட்டத்தில் குரலே எழவில்லை என்று எவரும் எண்ணற்க. சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் சட்டமன்றத்திலும் நம் மக்களுக்காகப் பேசினார். 1952-இல் நாடாளுமன்றம் சென்ற காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள், பின்னர் தீண்டாமை பற்றி இந்தியா முழுவதும் ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1969-இல் அறிக்கை அளித்தார். பள்ளிக்கூடம் கட்டினால் மட்டும் போதாது, பிள்ளையை அனுப்பும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும். மனை பிறர் கையில் இருக்கையில் அத்துணிவு எளிதில் வாராது. கல்விப் பணியில் இறங்கிய எவரும் இதனை விரைவில் உணர்வர், நாமும் உணர்ந்தோம்.

1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநிலத்துக்குப் பொதுவாக வந்தபோது, அது உழுபவனின் வயலைக் காத்தது. குத்தகை நிலமே இல்லாத கூலியாளின் குடிசையை அது காக்கவில்லை. 1961-இல் பிறந்த குடியிருப்பு அனுபவதாரர் பாதுகாப்புச் சட்டந்தான் முதன்முதலாக, நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்தது. அப்போதும் மனை நிலக்கிழாருடையதே. அண்டைக் கேரளத்திலோ, 1957 ஏப்ரலில் பதவியேற்ற நம்பூதிரிபாடு அமைச்சரவை, ஏற்ற ஒரு வாரத்துக்குள்ளாகவே வெளியேற்றத்தை நிறுத்தி அவசரச் சட்டம் பிறப்பித்தது. குடிகிடப்புக்காரர் எனப்படும் குடிசைவாசிகள் ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் வரை மனையைக் குறைந்த விலைக்குப் பெறும் உரிமை 1970 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலிக்காகச் சங்கம் சேர்ந்ததே அவர்தம் குற்றம். அந்நிகழ்ச்சியே அடுத்து வந்த சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று ஒரே வரியில் முடித்துவிட நாம் விரும்பவில்லை. எனினும் கூலிக்காரனின் குடிசையைப் பற்றி நாடு பேச நேர்ந்த காலம் அது.

கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது 1971-ஆம் ஆண்டின் 40-ஆம் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19-ஆம் நாள் குடியிருப்பு மனையொன்றில் குத்தகையாகவோ வெறும் அனுமதியின்பேரிலோ வாழ்ந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அம்மனையே சொந்தமாகும் என்றது அது. குடிசை நின்ற மண் மட்டுமன்று, அதனை வசதியாக அனுபவிக்கத் தேவையான சுற்றிடமும் அதில் அடங்கும். ‘அனுமதியின்பேரில்’ என்னும் அச்சிறு சொல்லில்தான் சட்டத்தின் உயிர் இருக்கின்றது. இரசீதும் பத்திரமும் இல்லாததால் எவன் நீதிமன்றத்தில் யாருமற்றவனாய் நின்றானோ, அவனையே அச்சொல் தேடிப் பிடித்தது.

சட்டம் எழுதப்பட்டதும் எல்லாம் நேராகிவிடவில்லை. அந்நாளில் குடியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவரும் அதே நிலக்கிழாரிடம் கூலி வாங்குபவர். குடும்பத் தலைவர் ஒருவர் பெயரில் தாள் வந்தால், கைம்பெண்ணும் மணமாகி வேறு குடிசை போட்ட மகனும் எங்கே நிற்பது என்ற பூசல் வீட்டுக்குள் முளைக்கும். 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைச் சட்டம், வாடகைதாரர் இறந்தால் அவருடன் அவ்வீட்டில் வாழ்ந்த மனைவியையும் மக்களையும் வாடகைதாரராகவே கொண்டது. நகரத்து வீட்டில் இருந்தோர்க்கு அப்படியொரு பற்றுக்கோடு இருந்தபோது, பண்ணைக் குடிசையில் கணவனை இழந்தவள் இருப்பதும் வெளியேறுவதும் நிலக்கிழாரின் மனம்போல் நடந்தது.

1971-க்குப்பின் பெருகிய குடும்பங்களுக்கு அந்தச் சட்டத்தின் தேதி எட்டவில்லை. அவர்களுக்கு மனை வழங்க நிலம் கையகப்படுத்தும் பொருட்டு 1978-இல் 31-ஆம் சட்டம் இயற்றப்பட்டது. வழக்குகள் பல சுமந்த அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. நம் ஊர்களில் காலனி என்று வழங்கும் வரிசை வீடுகள் பல, அரசு கையகப்படுத்திய நிலத்தில் எழுந்தவை. ஊரின் எல்லைக்கு வெளியே, சுடுகாட்டுப் பாதையோரம் மனை அளந்தார்களே என்ற மனக்குறை நம்மவர்க்கு உண்டு, அது நியாயமானதே. ஆயினும் அவ்வீட்டிலிருந்து பிள்ளை கல்லூரிக்குப் போனால், ‘குடிசையைப் பிரி’ என்று சொல்ல ஒருவருமில்லை.

1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற தாள்கள் பல வீடுகளில் தகரப் பெட்டியிலும் கூரையிடுக்கிலும் கரையான் அரிக்கக் கிடக்கின்றன. சிலவற்றில் பாட்டனார் பெயரே இன்னும் நிற்கின்றது. வாரிசுகள் பெயருக்கு மாற்றப்படவில்லை. அவற்றைக் கழக அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் படியெடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம். பெயர் மாற்றத்துக்கு வட்டாட்சியருக்கு மனு எழுத இயலாதோர்க்கு நம் முன்னாள் மாணவர்கள் எழுதித் தர இசைந்துள்ளனர்.