அப்பாவின் ரேடியோ ஏன் புகைந்தது?



என்னிடம் படித்த பையன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த வால்வு ரேடியோ. "சார், பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?" என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். காரணத்தை ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதால் இந்தப் பதிவு.

சென்னையில் வானொலி 1924-இல் ஒரு ரேடியோ சங்கத்தின் முயற்சியாகத் தொடங்கியது. பணமில்லாமல் அது நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை எடுத்து நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் வந்தன. மதுரை மாவட்டத்தில் இருந்த நம் சாணார்பட்டிப் பக்கம் திருச்சிதான் தெளிவாகக் கேட்கும். பஞ்சாயத்து ரேடியோவில் 'வீடும் வயலும்' கேட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கரண்ட் இல்லாத ஊர்களில் ரேடியோ பேட்டரியில் ஓடியது. பேட்டரி தருவது ஒரே சீரான மின்சாரம். கம்பத்தில் வருவதோ நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி அலையடிப்பது. அதை ஒரே திசைக்குத் திருப்பினாலும் விட்டு விட்டுத்தான் வரும். அதைச் சீராக்கத்தான் மின்தேக்கி. மெக்கானிக் பாஷையில் கண்டென்சர். மழை விட்டு விட்டுப் பெய்தாலும் கண்மாய் மடையில் தண்ணீர் சீராக வருகிறதல்லவா? அந்தக் கண்மாய்தான் கண்டென்சர்.

அதன் உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு ரசாயனத் திரவத்தில் நனைத்த காகிதம். ஒரு தகட்டின் மேல் மிக மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலம் இருக்கும். மின்சாரம் குறுக்கே பாயாமல் தடுப்பது அந்தப் படலம்தான்.

இது கெடுவதற்கு முதல் காரணம் சூடு. திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிடும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் வெயிலோடு வால்வின் சூடும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? கண்மாய் தூர்ந்துபோன கதைதான். அப்போது ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும்.

இரண்டாவது காரணம், ஓட்டாமல் போட்டு வைப்பது. வருடக்கணக்கில் மின்சாரம் படாவிட்டால் ஆக்சைடு படலம் பலவீனமாகிவிடும். திடீரென்று முழு மின்னழுத்தம் ஏறினால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து, கண்டென்சர் சூடாகி வெடிக்கவும் செய்யும். பழைய செட்டுகளில் மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களும் உண்டு. அவை ஈரம் இழுத்துக் கசிந்தால், வால்வும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போகும்.

புதிய சாமானுக்கும் இந்த நோய் உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், திரவக் கலவை சரியில்லாத கண்டென்சர்கள் உலகம் முழுக்கக் கணினிகளுக்குள் தலை உப்பி வெடித்தன.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பா காலமான பிறகு, அவர் ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, ஆசையாகப் பிளக்கைச் சொருகினேன். டயல் விளக்கு எரிந்தது. ஒரு நிமிடம் உறுமியது. பிறகு புகை. டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. காலையில் அதைத் திருகித் திருகித் திருச்சி வைத்த அப்பாவின் விரல் தடம் பட்ட குமிழ் மட்டும் இப்போது என் மேஜையில் இருக்கிறது. வகுப்பில் மின்தேக்கிப் பாடம் நடத்தியவன் வீட்டில் தோற்றுப்போனேன்.

அதனால் தம்பி, பிளக்கைத் தொடாதே. பழைய ரேடியோ தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போ. கண்டென்சர்களை முதலில் மாற்றச் சொல். அதன் பிறகு, ஒரு குண்டு பல்பைத் தொடரில் இணைத்து அவர் மெதுவாக உயிர் கொடுப்பார். நீயாகத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் ஆளைத் தூக்கியடிக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ரேடியோ இருந்தால், பழைய இரும்புக்கும் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்குச் சாவு வந்திருக்காது. சில ரூபாய் கண்டென்சர்தான் காய்ந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்