தகர டிக்கட்டிலிருந்து பாஸ்வேர்ட் வரை: நூலகர்களுக்கு ஏன் இணையப் பாதுகாப்பு சொல்லிக் கொடுக்கணும்?

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எல்ல டவுனில் எந்தக் கடைப் பக்கம் திரும்பினாலும் வைஃபை பாஸ்வேர்டை எழுதி மாட்டியிருப்பார்கள். அதெல்லாம் சுற்றுலா வர்றவங்களுக்கு. நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டேட்டா முடிஞ்சா நூலகம், இல்லாட்டி போட்டோகொப்பி கடை. அவ்வளவுதான்.

நானும் ஒரு விண்ணப்பம் அனுப்பப் பக்கத்து ஊர் பொது நூலகம் ஒன்றுக்குப் போனேன். எந்த நூலகம் என்பது இங்கே முக்கியமில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தா யாரோ ஒருத்தரின் மின்னஞ்சல் திறந்தபடி இருக்கு. டவுன்லோட் ஃபோல்டருக்குள் போனா அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிராம சேவகர் சான்றிதழ், போன் நம்பரோடு ஒரு பெண்பிள்ளையின் சுயவிபரக் கோவை. முகவரியைப் பார்த்தேன். எங்களுக்கு அடுத்த தோட்டத்து லயம்.

நூலக மிஸ்ஸிடம் போய், "மிஸ், இதெல்லாம் அழிச்சிடட்டுமா?" என்று கேட்டேன்.

"அதுல கை வைக்காதம்மா. ஏதும் பழுதானா என் தலையில விழும். எனக்கு புத்தகத்தை ஒழுங்கா அடுக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. மெசினக் கொண்டாந்து எறக்கினாங்க, எப்படி ஓன் பண்றதுன்னு காட்டினாங்க, போயிட்டாங்க."

மிஸ் மேல் எனக்குக் கோபம் வரல்ல. அந்த மெசின் எப்படி அங்கே வந்தது, மிஸ்ஸுக்கு ஏன் யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை என்ற கேள்விதான் வந்தது. அதைத் தேடப் போனால் கதை நூறு வருஷத்துக்கும் பின்னால் போகுது.

நம்மைப் பற்றிய தாள், அடுத்தவர் கையில்

மலையகத் தமிழரின் வரலாற்றைத் தாள்களின் வரலாறாகவும் சொல்லலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது தகர டிக்கட் முறை வந்தது. ஒரு சின்ன தகர வில்லை. அதில் தோட்டத்துக்கு ஒரு எண், தொழிலாளிக்கு ஒரு எண். எந்த எண்ணுக்குரிய ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகணும், வழிச்செலவு யார் கணக்கில் ஏறணும் என்பதை அந்த வில்லை சொல்லிவிடும். அதைச் சுமந்து வந்தவருக்கோ அதில் என்ன இருக்கு என்று வாசிக்கத் தெரியாது.

அடுத்தது துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா, கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. தொழிலாளியின் வாழ்க்கையே அந்தச் சீட்டில் எழுதிய தொகைக்குள் அடங்கிப்போகும். 1921-ல்தான் சட்டம் போட்டு துண்டு முறையை ஒழித்தார்கள். செக்ரோல் மட்டும் இன்று வரைக்கும் இருக்கு. அதில் பேர் விழுந்தால்தான் அன்றைய நாள் நாளாகக் கணக்காகும்.

1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்கிறவர், 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததாகக் காட்டணும். கலியாணம் முடித்தவர் என்றால் 7 வருஷம், முடிக்காதவர் என்றால் 10 வருஷம். எதை வைத்துக் காட்டுவது? தாளை வைத்துத்தான். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிக்கையாகவே பிரித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்? நம்மைப் பற்றிய தகவல் யார் கையில் இருக்கு, அதை வைத்து அவர் என்ன செய்யலாம் என்ற கேள்வி மலையகத்துக்குப் புதுசு இல்லை. அதற்கு இப்போது 'தரவுப் பாதுகாப்பு' என்று ஒரு பேர் வந்திருக்கு, அவ்வளவுதான்.

நூலகம் ஏன் மலை ஏறவில்லை

அதே 1948-ல்தான் மெட்ராஸ் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் வருஷக்கணக்காக அலைந்து கொண்டுவந்த சட்டம். நூலகம் என்பது மக்களின் உரிமை, அதற்கு வரிப்பணத்திலிருந்து பங்கு வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம சொந்தக்காரர்களுக்கு நூலகச் சட்டம் வந்த வருஷம், இந்தப் பக்கம் நமக்குக் குடியுரிமை போன வருஷம்.

இலங்கையில் நூலகச் சங்கம் 1960-ல் தொடங்கியது. தேசிய நூலகச் சேவைகள் சபைக்கான சட்டம் 1970-ல் வந்தது. ஆனால் ஊர் நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி மன்றங்கள். 1987-ன் பிரதேச சபைச் சட்டம் நடைமுறையில் தோட்டங்களை வெளியில் நிறுத்தியது. அதன் 33-ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள்ளே சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்றார்கள். நாங்கள் வாக்குப் போடலாம், சபைக்கு ஆளும் அனுப்பலாம். ஆனால் அந்தச் சபை லயத்துப் பக்கத்தில் ஒரு வாசிகசாலை கட்ட முடியாது! 2018-ல்தான் இதற்குத் திருத்தம் வந்தது. 31 வருஷம். எங்க அம்மாவின் பள்ளிக்கூடக் காலம் முழுக்க இதற்குள் அடங்கிப்போச்சு.

கம்ப்யூட்டர் வந்த கதை

2003-ல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் (இக்டா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்) உருவானது. உலக வங்கிக் கடனோடு ஈ-ஸ்ரீலங்கா திட்டம் தொடங்கியது. 2005-லிருந்து நெனசல நிலையங்கள் கிராமங்கள், வழிபாட்டுத் தலங்கள், நூலகங்கள் என்று பல இடங்களில் திறக்கப்பட்டன. அடுத்த வருஷம், 2006-ல், இணைய அவசரங்களைக் கவனிக்க இலங்கை சேர்ட் வந்தது. கணினிக் குற்றச் சட்டம் 2007-ல். 2014-ல் நெனசல மின்-நூலகத் திட்டத்துக்கு பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் 10 லட்சம் டாலரும் கிடைத்தன.

சின்னச் சாதனை இல்லை இது. எங்க பக்கத்தில் எத்தனையோ பேர் முதல் தடவையாக மவுஸைத் தொட்டது இப்படியான இடங்களில்தான். ஆனால் அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர் பயிற்சி' என்றால் நம்ம ஊரில் என்ன? தட்டச்சு, வேர்ட், எக்செல், மின்னஞ்சல் திறப்பது. மெசினைப் பாவிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பாவித்து முடித்த பிறகு அதில் என்ன தங்கிப்போகுது என்று சொல்லித் தரவில்லை.

பிறகு காலம் மாறியது. 2022-ல் பெற்றோலுக்கு கியூஆர் எடுக்க அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். விண்ணப்பம், பெறுபேறு, வேலை என்று ஒவ்வொன்றும் இணையத்துக்குப் போனது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் இதையெல்லாம் பொதுக் கம்ப்யூட்டரில்தான் செய்யணும். அதாவது, இருக்கிறவரை விட இல்லாதவர்தான் தன் விபரங்களை அதிகமான இடங்களில் விட்டுட்டு வர்றார்.

வேற இடங்களில் நூலகர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே தன் ஒழுக்கக் கோவையில் வாசகரைப் பற்றிய விபரங்களை இரகசியமாக வைப்பது நூலகரின் கடமை என்று எழுதிவிட்டது. அது வெறும் எழுத்தாக நிற்கவில்லை. 2001-க்குப் பிறகு அங்கே உளவுச் சட்டங்கள் இறுகின. 2005-ல் கனெக்டிகட் மாநிலத்து நூலகக் கூட்டமைப்பு ஒன்றிடம், ஒரு குறிப்பிட்ட நாளில் முக்கால் மணிநேரம் நூலகக் கம்ப்யூட்டரைப் பாவித்தது யார் என்று எஃப்.பி.ஐ. கேட்டது. இதை வெளியில் சொல்லவும் கூடாது. நாலு நூலகர்கள் முடியாது என்று நீதிமன்றம் போனார்கள். 2006-ல் அரசுதான் பின்வாங்கியது.

அடுத்த தலைமுறை இன்னொரு படி மேலே போனது. அலிசன் மக்ரீனா என்ற நூலகர் லைப்ரரி ஃப்ரீடம் புராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராக நூலகப் பணியாளர்களுக்கு இணையப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுத்தார். பெரிய பொறியியல் பாடம் ஒன்றும் இல்லை. வாசகர் எழும்பிப் போனதும் கம்ப்யூட்டர் அவரை மறக்கணும், அதை எப்படிச் செய்வது என்பது மாதிரியான பாடம்.

பயிற்சியும் பராமரிப்பும் இல்லாட்டி என்ன நடக்கும்? 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தை ரான்சம்வேர் கும்பல் தாக்கியது. உள்ளே நுழைந்ததாக அவர்களே சந்தேகிக்கும் வாசலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடப்பட்டிருக்கவில்லை. பணியாளர், வாசகர் விபரங்கள் வெளியில் கசிந்தன. நூல்பட்டியல் திரும்பி வரவே அடுத்த ஜனவரி ஆனது. அதே 2023-ல் நம்ம நாட்டு அரச மின்னஞ்சலில் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரையான தரவு போச்சு. அந்தக் காலத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. பிரதி இல்லாமல் இழப்பது என்றால் என்ன என்று தமிழருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 1981-ல் யாழ் நூலகத்தில் எரிந்த ஏடுகளில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. 2005-ல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் இன்று மலையக ஆவணங்களையும் எண்ணிமப்படுத்துவது அந்தச் சாம்பலிலிருந்து கற்ற பாடத்தால்தான்.

சரி, என்ன சொல்லிக் கொடுக்கணும்?

ஒரு வாரப் பயிற்சி போதும் என்பது என் எண்ணம். ஆனால் அது தமிழிலும் நடக்கணும். கொழும்புக்குக் கூப்பிடாமல் பதுளையிலோ பண்டாரவளையிலோ நடத்தணும்.

முதலாவது, வாசகருக்கு விருந்தினர் கணக்கு. அவர் வெளியேறியதும் மின்னஞ்சல், பாஸ்வேர்ட், டவுன்லோட் எல்லாம் தானாக அழியும்படி அமைக்கலாம், காசு செலவில்லை. மறைநிலை சாளரம் போட்டாலே போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. டவுன்லோட் பண்ணிய அடையாள அட்டை அதில் அழியாது, ஃபோல்டரிலேயே கிடக்கும்.

இரண்டாவது, நூலகத்தின் சொந்தக் கணக்கு வேறு, பொதுக் கம்ப்யூட்டர் வேறு. நூலக மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பாஸ்வேர்ட் எழுதி வைக்கும் பழக்கத்தை விடணும்.

மூன்றாவது, பதிவேட்டின் பிரதி ஒன்றை நெட்டில் இணையாத ஹார்ட் டிஸ்க்கில் வாரத்துக்கு ஒருக்கா எடுத்து வைப்பது.

நாலாவது, யார் என்ன புத்தகம் எடுத்தார் என்ற விபரம். புத்தகம் திரும்பி வந்ததும் அந்தப் பதிவு எதுக்கு? கோஹா என்ற இலவச நூலக மென்பொருளில் பழைய இரவல் பதிவுகளில் வாசகரின் பெயரை நீக்கும் வசதியே இருக்கு. தொழிற்சங்கச் சட்டம் பற்றி யார் வாசிக்கிறார் என்று ஒருத்தர் வந்து கேட்டால், "எழுதித் தாங்க, சபைக்கு அனுப்புறேன்" என்று சொல்லும் தைரியமும் பயிற்சியில் சேர்த்தி. 2022-ன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொது நிறுவனங்களுக்கும்தான். அது நூலக மிஸ்ஸின் மேசைக்கும் வந்து சேரணும்.

"மலையகத்தில் நூலகமே போதாது, இதில் பாதுகாப்பு ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் இருக்காங்க. நியாயமான கேள்விதான். ஆனால் 2018-க்குப் பிறகுதான் தோட்டத்துக்குள் நூலகம் கட்டச் சட்டம் வழி விட்டிருக்கு. இனிக் கட்டப்போகிறதை முதலிலேயே சரியாகக் கட்டினால் என்ன? லயத்துப் பிள்ளைக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கணும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

அன்றைக்கு மிஸ்ஸும் நானும் சேர்ந்தே அந்த ஃபோல்டரை வெறுமையாக்கினோம். திறந்திருந்த மின்னஞ்சலிலிருந்தும் வெளியே வந்தோம். பத்து நிமிஷ வேலை. எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் தமிழில் எழ்திக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் மேல் ஒட்டி வைத்தார். நம்மைப் பற்றி எத்தனையோ தாள் எழுதப்பட்ட மலையில், இது நமக்காக நாமே எழுதிய ஒரு தாள். உங்க ஊர் நூலகத்துக்குப் போனால் நீங்களும் டவுன்லோட் ஃபோல்டரை ஒருக்கா திறந்து பாருங்க. பிறகு அங்கே வேலை செய்கிறவரிடம் மரியாதையாகப் பேசுங்க. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க.