பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது, ஒரு நாட்டில் வழங்கப்பட்ட ஓட்டுநர் உரிமத்தைப் பிற நாடுகளின் காவல்துறையினரும் அதிகாரிகளும் படித்தறிந்து ஏற்றுக்கொள்ளும் பொருட்டு, பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைகளில் வரையறுக்கப்பட்ட வடிவில் வழங்கப்படும் ஆவணம் ஆகும். தமிழ்நாட்டில் இது பேச்சுவழக்கில் இன்டர்நேஷனல் லைசென்ஸ் என்றும், இலங்கையில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் என்றும் அழைக்கப்படுகிறது. பெயர் எவ்வாறிருப்பினும் இது தனித்த உரிமம் அன்று. உள்நாட்டு உரிமத்தின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு என்பதே இதன் சட்ட நிலை. மூல உரிமம் கையில் இல்லாதவிடத்து இந்த அனுமதியால் பயனில்லை.

சுற்றுலாவாகச் செல்பவருக்கு இந்த ஆவணம் பெரும்பாலும் போதுமானது. வேலை, கல்வி, குடும்பம் காரணமாக வேறு நாட்டில் குடியேறுபவருக்கு இது சில மாதங்களுக்கு மட்டுமே உதவும். இவ்வேறுபாட்டை அறியாமல், அனுமதியின் மேல் அச்சிடப்பட்ட தேதி முடியவில்லை என்ற நம்பிக்கையில் உரிமமின்றி வண்டி ஓட்டிய குற்றத்துக்கு ஆளாவோர் உண்டு.

வரலாறு

தானுந்துகள் நாட்டெல்லைகளைக் கடக்கத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு நாடும் வண்டியையும் ஓட்டுநரையும் தனித்தனியே சோதித்தது. இதனைத் தவிர்க்க 1909 அக்டோபர் 11 அன்று பாரிசில் ஓர் உடன்படிக்கை கையொப்பமானது. இது வண்டிக்கும் ஓட்டுநருக்கும் பொதுவான ஒரே பயணச் சான்றிதழை ஏற்படுத்தியது. மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, தொடருந்துக் கடவை ஆகியவற்றை எச்சரிக்கும் நான்கு பொதுச் சாலைக் குறிகளும் இதிலேயே ஏற்கப்பட்டன. 1926 ஏப்ரல் 24 அன்று அதே நகரில் உருவான அடுத்த உடன்படிக்கை வண்டிக்கான சான்றிதழையும் ஓட்டுநருக்கான அனுமதியையும் பிரித்தது. இன்றைய வடிவம் இங்கிருந்தே தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் முயற்சியால் 1949 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா உடன்படிக்கையும், 1968 நவம்பர் 8 அன்று வியன்னா உடன்படிக்கையும் உருவாயின. ஜெனீவா உடன்படிக்கை 1952 இலும் வியன்னா உடன்படிக்கை 1977 இலும் நடைமுறைக்கு வந்தன. புதியது வந்தபோதும் எல்லா நாடுகளும் பழையதைக் கைவிடவில்லை. ஆதலால் இன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட வகை அனுமதிகள் புழக்கத்தில் உள்ளன.

வகைகளும் வடிவமும்

1949 வகை அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு வரை செல்லும். 1968 வகை அனுமதி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் அல்லது உள்நாட்டு உரிமம் காலாவதியாகும் நாள், இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். இரண்டும் சாம்பல் நிற அட்டையுடைய சிறு ஏடுகள். அடிப்படைப் பக்கம் பிரெஞ்சு மொழியில் இருக்கும். 1968 வகையில் ஆங்கிலம், உருசியம், எசுப்பானியம் ஆகியனவும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

வண்டிகள் ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்புகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஏ என்பது மோட்டார் மிதிவண்டி. பி என்பது 3500 கிலோகிராமுக்கு மேற்படாத எடையும் ஓட்டுநர் நீங்கலாக எட்டு இருக்கைகளுக்கு மேற்படாத கொள்ளளவும் உடைய தானுந்து. சி சரக்குந்துகளையும், டி பேருந்துகளையும், ஈ இழுவைகளோடு கூடிய வண்டிகளையும் குறிக்கும். உள்நாட்டு உரிமத்தில் எந்த வகுப்பு உள்ளதோ அதற்குரிய கட்டத்தில் மட்டுமே முத்திரை இடப்படும். தாய்லாந்து போன்ற சுற்றுலா நாடுகளில் இது பெரிய இடர்களுக்குக் காரணமாகிறது. தானுந்து உரிமம் மட்டும் உள்ளவர் அங்கே ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பது எளிது. வாடகைக்கு விடுபவர் பெரும்பாலும் கேள்வி கேட்பதில்லை. விபத்து நேர்ந்த பின்னரே ஏ கட்டத்தில் முத்திரை இல்லை என்பது காப்புறுதி நிறுவனத்தின் கண்ணில் படும். மருத்துவமனைச் செலவு முழுவதும் பயணியின் தலையில் விழ அதுவே போதும்.

எந்த நாட்டில் எந்த வகை செல்லும் என்பதும் கவனிக்கத்தக்கது. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கிறது. ஜெர்மனி 1968 வகையை வழங்குவதால் ஜெர்மானியர்கள் தம் அனுமதியைக் கொண்டு ஜப்பானில் ஓட்ட இயலாது. அவர்களது உள்நாட்டு உரிமத்தை ஜப்பானிய மொழிபெயர்ப்புடன் ஏற்கும் தனி ஏற்பாடு உள்ளது. இந்தியா 1949 வகையை வழங்குவதால் இந்தியருக்கு இந்தச் சிக்கல் இல்லை. சீனப் பெருநிலப்பகுதி எவ்வகை அனுமதியையும் ஏற்பதில்லை. அங்கு ஓட்ட விரும்பும் வெளிநாட்டவர் சீன உரிமமோ தற்காலிக அனுமதியோ பெறவேண்டும்.

குடியேற்றமும் கால எல்லையும்

வியன்னா உடன்படிக்கையின் 41 ஆவது உறுப்புரை, தன் நாட்டுக்கு வழக்கமான வசிப்பிடத்தை மாற்றிக்கொண்ட ஒருவரின் வெளிநாட்டு உரிமத்தையோ பன்னாட்டு அனுமதியையோ ஏற்கவேண்டிய கடமை எந்த நாட்டுக்கும் இல்லை என்று கூறுகிறது. குடியேறியவர்களுக்குச் சலுகைக் காலம் அளிப்பதும் அதன் நீளமும் அந்தந்த நாட்டின் விருப்பம். நாட்கள் எண்ணப்படுவது பெரும்பாலும் வசிப்பிடம் மாறிய நாளிலிருந்தே. அனுமதி வழங்கப்பட்ட நாள் இதில் பொருட்டல்ல.

ஐக்கிய இராச்சியத்தில் இக்காலம் 12 மாதங்கள். ஆத்திரேலியா, கனடா, சிங்கப்பூர், ஜப்பான் முதலிய குறிப்பிட்ட நாடுகளின் உரிமங்களை அங்கு தேர்வின்றி மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அப்பட்டியலில் இல்லை. எனவே இவ்விரு நாட்டினர் 12 மாதங்களுக்குள் பயிலுநர் உரிமம் பெற்று, எழுத்துத் தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும். தானியங்கிப் பல்லிணை வண்டியில் தேர்வெழுதினால் அவ்வகை வண்டிக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும். எழுத்துத் தேர்வில் வினாக்களைத் தமிழில் ஒலிவடிவில் கேட்கும் வசதி முன்பு இருந்தது. தமிழ் உட்பட 19 மொழிகளுக்கான அவ்வசதி 2014 ஏப்ரல் 7 முதல் நிறுத்தப்பட்டது.

ஜெர்மனியில் சலுகைக் காலம் ஆறு மாதங்கள். 12 மாதங்களுக்கு மேல் தங்கப் போவதில்லை என்று மெய்ப்பிப்பவர் நீட்டிப்புக் கோரலாம். அதன் பின் ஓட்டுவது ஓட்டுநர் உரிமமின்றி ஓட்டியதாகவே கொள்ளப்படும். இக்குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இந்திய, இலங்கை உரிமங்களை வைத்திருப்போர் எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டையும் எழுத வேண்டும். எனினும் புதிதாகப் பயில்வோருக்கு விதிக்கப்படும் கட்டாயப் பயிற்சி வகுப்புகளிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. செலவில் பெரும்பகுதி வகுப்புகளுக்கே என்பதால் இவ்விலக்கு சிறியதன்று. உரிமம் மாற்றப்படும்போது பழைய உரிமத்தை ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் புதிதாகக் குடியேறியவர் 60 நாட்கள் மட்டுமே வெளிநாட்டு உரிமத்துடன் ஓட்டலாம். பரிமாற்ற ஒப்பந்தம் இல்லாத நாடுகளிலிருந்து வருவோர் கண் பரிசோதனைக்கும் ஜி1 எனப்படும் எழுத்துத் தேர்வுக்கும் உட்பட வேண்டும். இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இம்மாகாணம் வெளிநாட்டில் பெற்ற ஓட்டுநர் அனுபவத்தைக் கணக்கில் கொள்கிறது. இரண்டு ஆண்டு அனுபவத்தை மெய்ப்பிப்பவர், புதியவர்களுக்குரிய காத்திருப்புக் காலமின்றி முழு உரிமத்துக்கான ஜி சாலைத் தேர்வை நேரடியாக எழுதலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு, உரிமம் வழங்கிய அலுவலகத்திடமிருந்தோ அந்நாட்டுத் தூதரகத்திடமிருந்தோ உறுதிக் கடிதம் தேவை. இக்கடிதத்தை ஊரில் இருக்கும்போதே பெறாதவர்கள் பின்னர் உறவினர் வழியாக அலைய நேர்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் குடியேறியவர் 10 நாட்களுக்குள் மாநில உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நியூயார்க்கில் இது 30 நாட்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலா நுழைவிசைவில் வந்த இந்தியர் பன்னாட்டு அனுமதியுடன் ஓட்டலாம். வதிவிட நுழைவிசைவு கிடைத்தவுடன் அமீரக உரிமம் இன்றி ஓட்டலாகாது. ஒரே மனிதர், ஒரே வண்டி, ஒரே அனுமதி. கடவுச்சீட்டில் முத்திரை மாறியதும் சட்ட நிலை மாறிவிடுகிறது.

ஜப்பானில் பன்னாட்டு அனுமதி, நாட்டில் இறங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும். ஆண்டுதோறும் ஊருக்குச் சென்று புதிய அனுமதியுடன் திரும்பிவிடலாம் என்று எண்ணுவோர்க்கு அங்கே தடை உண்டு. அங்கு வசிப்பவராகப் பதிவு செய்தவர் மூன்று மாதங்களுக்குக் குறைவாக வெளியே இருந்து திரும்பினால் புதிய ஓராண்டு தொடங்காது. உள்ளூர் உரிமமாக மாற்றுவோர், தம் உரிமம் கிடைத்த பின் அதை வழங்கிய நாட்டில் குறைந்தது மூன்று மாதங்கள் தங்கியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டுகளைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பது இங்கு கைகொடுக்கும். 2025 அக்டோபரில் இம்மாற்றத்துக்கான எழுத்துத் தேர்வு 10 வினாக்களிலிருந்து 50 வினாக்களாக உயர்த்தப்பட்டது.

இந்தியாவிலும் இலங்கையிலும் பெறும் முறை

இந்தியாவில் இந்த அனுமதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் வழங்குகின்றன. விண்ணப்பத்துக்கான படிவம் 4ஏ ஆகும். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் கடவுச்சீட்டும் வேண்டும். 2016 இல் திருத்தப்பட்ட விதிகள் கட்டணத்தை 1000 ரூபாயாக நிர்ணயித்தன. முன்பு மருத்துவச் சான்றிதழும் நுழைவிசைவும் கேட்கப்பட்டன. சென்றிறங்கிய பின்னரே நுழைவிசைவு தரும் நாடுகள் பல இருப்பதைக் கருதி 2021 சனவரியில் இவ்விரு நிபந்தனைகளும் நீக்கப்பட்டன. வெளிநாட்டில் இருக்கையில் அனுமதி காலாவதியானவர் இந்தியத் தூதரகம் வழியாகப் புதியது கோரவும் அதே அறிவிக்கை வழிசெய்தது. மாநிலத்துக்கு மாநிலம் அளவும் நிறமும் வேறுபட்ட ஏடுகள் வழங்கப்பட்டு வந்தமையால், 2022 ஆகத்து 26 அன்று நாடு முழுமைக்கும் ஒரே வடிவம் அறிவிக்கப்பட்டது. உரிமத்தோடு இணைக்கும் விரைவுக் குறியீடும் அதில் சேர்க்கப்பட்டது.

இலங்கையில் 1904 இல் நிறுவப்பட்ட இலங்கைத் தானுந்துச் சங்கம் இதனை வழங்குகிறது. உலகின் பல நாடுகளிலும் அரசின் ஏற்புடன் இத்தகைய சங்கங்களே வழங்குகின்றன. ஐக்கிய இராச்சியத்தில் 2019 முதல் அஞ்சலகங்களில் வழங்கப்பட்டுவந்த இது, 2024 ஏப்ரல் முதல் பேபாயின்ட் கடைகளில் பெறப்படுகிறது.

புறப்படுமுன் செய்யத்தக்கவை

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் உள்ளது. பழைய உரிமங்களில் பெயர் தலைப்பெழுத்துடன் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் அமர்ந்திருக்கும். ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அயல்நாட்டு அலுவலர் இரண்டையும் இரு வேறு மனிதர்களின் ஆவணங்களாகக் கருத வாய்ப்புண்டு. எனவே உரிமத்தில் உள்ள பெயரைக் கடவுச்சீட்டுக்கு இணங்கப் புறப்படுமுன் திருத்திக்கொள்வது, பின்னர் உறுதிமொழிப் பத்திரங்கள் தேடுவதைக் காட்டிலும் எளிது.

உரிமம் முதன்முதலில் வழங்கப்பட்ட நாளும் முக்கியமானது. தொலைந்துபோய் மறுபடி பெற்ற அட்டையில் பிந்திய தேதி மட்டும் இருந்தால் பத்தாண்டு அனுபவம் உடையவரும் புதியவராகவே கருதப்படக்கூடும். இதற்கென உரிம விவரச் சான்று ஒன்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறலாம். கைப்பேசியில் காட்டும் மின்னணு உரிமம் இந்தியாவுக்குள் செல்லும். வெளிநாட்டில் அட்டையே கேட்கப்படும். விபத்தின்றி ஓட்டியமைக்கான சான்றுக் கடிதத்தைக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பெற்றுச் செல்வதும் நன்று. எல்லா நிறுவனங்களும் அதனை ஏற்பதில்லை. ஏற்பவை கட்டணத்தைக் குறைக்கும்.

ஓட்டும் பழக்கமும் மாறவேண்டும். இந்தியா, இலங்கை, ஐக்கிய இராச்சியம், ஆத்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் ஆகியவற்றில் இடப்பக்கம் ஓட்டப்படுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வட அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் வலப்பக்கம். நெரிசலான சாலையில் முன்செல்லும் வண்டியைப் பின்பற்றிச் செல்வதால் தவறு நேர்வது குறைவு. ஆளில்லாத சாலையிலும், எரிபொருள் நிலையத்திலிருந்து வெளியே திரும்பும் கணத்திலுமே பழைய கை பழைய பக்கம் இழுக்கும். ஜெர்மனியில் குறிகள் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் வருவது சிறு சந்திலிருந்தாயினும். ஒன்றாரியோவில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குகளை மின்னவிட்டு நிற்கும்போது, இடையே தடுப்பில்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளும் நிற்க வேண்டும்.

போலி அனுமதிகள்

கடவுச்சீட்டு, உரிமம் எதுவும் கேட்காமல் பத்தாண்டு செல்லும் பன்னாட்டு உரிமம் தருவதாக இணையத்தில் விளம்பரங்கள் காணப்படுகின்றன. எந்த உடன்படிக்கையிலும் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுமதிக்கு இடமில்லை. தனியார் எவரும் அரசின் ஏற்பின்றி இதனை வழங்கவும் இயலாது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2003 இல் இத்தகைய விற்பனையாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. இவற்றை வாங்குவோரில் பெரும்பாலோர் உள்ளூர் உரிமம் பெற வழியற்ற புதிய குடியேறிகள். காவலரிடம் இதனைக் காட்டினால் உரிமமின்றி ஓட்டிய குற்றத்துடன் போலி ஆவணம் வைத்திருந்த குற்றமும் சேரக்கூடும், அது நுழைவிசைவு நீட்டிப்பையும் பாதிக்கலாம்.

ஊர் உரிமத்தின் நிலை

வெளிநாட்டு உரிமம் கிடைத்தபின் பலர் ஊர் உரிமத்தை மறந்துவிடுகின்றனர். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் திருத்தத்தின்படி, காலாவதியாகும் நாளுக்கு ஓராண்டு முன்பிலிருந்து ஓராண்டு பின்பு வரை உரிமத்தைப் புதுப்பிக்கலாம். அதற்கு மேல் தாமதித்தால் மீண்டும் ஓட்டுத் தேர்வில் தேற வேண்டும். விடுமுறைக்கு வருவோர் தேதியைப் பார்த்து, முன்கூட்டியே புதுப்பித்துச் செல்ல இவ்விதி இடமளிக்கிறது.