மழைநீர் வடிகால்: கணக்கு யார் பேரில்? பெரியகுளத்தை முன்வைத்து ஒரு சட்ட மறுவாசிப்பு

குடியிருப்புத் தெருக்களின் மழைநீர் வடிகாலுக்கு வீட்டுக்காரர் தனியே பணம் தர வேண்டும் என்ற கருத்து நகராட்சி நிதி பற்றிய எழுத்துகளில் வேரூன்றிவிட்டது. சொத்துவரியில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பங்கு இருக்கிறது, மழைநீருக்கு இல்லை; ஆகவே இத்தனை காலமும் அது இலவசச் சேவை என்பது அதன் தர்க்கம். ஆதாரமாகக் காட்டப்படும் சட்டத்தை நிதானமாகப் படித்தால் இந்தத் தர்க்கம் நிற்பதில்லை.

2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை பெரியகுளம் போன்ற நகராட்சிகளை ஆண்டது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன் 81ஆம் பிரிவு சொத்துவரியைப் பல கூறுகளாகப் பிரித்தது. அவற்றில் ஒன்று குடிநீர், வடிகால் வரி. வடிகால்களைக் கட்டுவது, பராமரிப்பது, பழுதுபார்ப்பது, நீட்டிப்பது, மேம்படுத்துவது எல்லாம் அதன் நோக்கத்துக்குள் அடங்கின. தனிக் கட்டணம் கேட்பவர்கள் இந்த வடிகாலைப் பாதாளச் சாக்கடை என்று கொண்டார்கள். இது இன்றைய வசதியை நூறாண்டு பின்னோக்கிப் பொருத்திப் பார்ப்பது. 1920இல் பெரும்பாலான மாவட்ட நகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை எட்டாக்கனி. நகர்மன்ற உறுப்பினர்களின் கண்முன் இருந்தது தெருவோரத் திறந்த வாய்க்கால். சமையலறைத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் அதில்தான் ஓடின. சட்டத்தின் விளக்கப் பிரிவும், வடிகால் சுமக்கும் நீர் வகைகளில் மழைநீரை வெளிப்படையாகவே சேர்த்திருந்தது.

விளக்கப் பிரிவு எங்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருந்தாது, இடத்துக்கு ஏற்பச் சுருங்கலாம் என்பது உண்மை. வரி விகிதத்தை நகர்மன்றத் தீர்மானம் நிர்ணயித்ததால், ஏதேனும் ஒரு நகராட்சியின் தீர்மானப் புத்தகம் குறுகிய நோக்கத்தைக் காட்டவும் கூடும். அதைக் காட்டும் பொறுப்பு அப்படிச் சொல்பவர்களுடையது. சட்டம்தான் காலாவதியாகிவிட்டதே என்பது வாதமே அல்ல. அதன்கீழ் வசூலான பணம் காலாவதியாவதில்லை.

பெரியகுளத்தின் தரையமைப்பு இன்னொரு கேள்வியைக் கிளப்புகிறது. வராகநதி ஊரை வடகரை, தென்கரை என இரண்டாக வகிர்கிறது. மேலே சோத்துப்பாறை அணை 126.28 அடியை எட்டி மறுகால் பாய்ந்தால் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வருகிறது. ஆற்றில் வெள்ளம் நிமிர்ந்து ஓடும்போது தெரு வாய்க்கால் எங்கே போய் விழும்? வார்டுக்குள் எத்தனை கான்கிரீட் கொட்டினாலும், நீர் சேரும் முகத்துவாரம் அடைபட்டிருந்தால் பயனில்லை. அணையும் ஆறும் நீர்வளத் துறையிடம், தெரு வாய்க்கால் நகராட்சியிடம். செலவுச் சீட்டை மட்டும் வீட்டு வாசலில் ஒட்டுவது எப்படி நியாயமாகும்?

செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டுவதற்கு அரசமைப்பும் துணை நிற்கவில்லை. நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைச் சொல்லும் பன்னிரண்டாம் அட்டவணையில் சாலை உண்டு, சுடுகாடு உண்டு, மாடு அடைக்கும் பட்டிகூட உண்டு; வடிகால் தனியாக இல்லை. மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவில்தான் பாசனத்தோடும் கரைகளோடும் அது இடம்பெறுகிறது.

மறுப்பவர்கள் ஆலந்தூரைக் காட்டுவார்கள். அங்கே பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையாக மக்களே கொடுத்தார்கள், பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் பணம் கட்டாத வீட்டுக்குக் கழிவுநீர் இணைப்பை மறுக்கலாம், மழையை மறுக்க முடியாது. மேட்டுத் தெருவின் தண்ணீர் பள்ளத் தெருவில் தேங்குகிறது. பங்குத்தொகை கேட்டால் தருபவர் பள்ளத்தில் இருப்பவர்தான். 2017இன் குடிமராமத்தில் ஆயக்கட்டுதாரர் பத்து சதவீதம் தந்ததும் இங்கே பொருந்தாது. அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. பள்ளத் தெருக்காரருக்கு அது வடிந்து போனால் போதும்.

அங்கீகாரமற்ற மனைகளின் நிலை இன்னும் மோசம். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறைப்படுத்தியவர்கள் அதற்கான கட்டணத்தோடு வளர்ச்சிக் கட்டணமும் செலுத்தினார்கள். வயலையும் வாய்க்காலையும் மனையாக்கி விற்றவர் லாபத்தோடு போய்விட்டார். வாங்கியவரிடம் சொத்துவரி, வளர்ச்சிக் கட்டணம் இரண்டுக்கும் மேலே மூன்றாவதாக வடிகால் பங்கும் கேட்பது வசூல் வெறி.

புதுக் கட்டணமே கூடாது என்பதல்ல வாதம். ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் கூரையும் தளமும் போட்டு மண்ணை மூடிய பரப்புக்கேற்ப மழைநீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். தோட்டம் வைத்தவருக்குக் குறைவு. இங்கே அளப்பது கடினம் என்பது சாக்கு. 2022இன் சொத்துவரி உயர்வே 600, 1,200, 1,800 சதுர அடி என்ற படிநிலைகளில்தான் வந்தது. மாடிப் பரப்பையும் தரைப் பரப்பையும் பிரித்துக் குறிக்க வேண்டும், அவ்வளவே. அப்படி ஒரு கட்டணம் வந்தால் முதலில் கட்ட வேண்டியவர்கள், முற்றம் முழுக்கத் தளம் போட்ட கல்யாண மண்டபங்களும் கிட்டங்கிகளும் அரசு அலுவலக வளாகங்களும். அதற்கு முன்பு நகராட்சி தன் கணக்கில் வடிகால் வரியைக் குடிநீரிலிருந்து தனியே பிரித்து, வசூலானது எவ்வளவு, வாய்க்காலுக்குப் போனது எவ்வளவு என்று வார்டு வாரியாக வெளியிட வேண்டும். முகத்துவாரச் செலவை நீர்வளத் துறையின் பேரில் எழுத வேண்டும்.